கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர்

அவர் எந்த அறைக்குள் வந்தாலும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டுதான் நிற்பார். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது அதிகாரத் தோரணையாகத் தெரியும். வகுப்பைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மாள் என்று நினைப்பார்கள். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். தன் கை எதன்மேலாவது பட்டுவிடப்போகிறதே என்கிற கவலை அது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் தெரிந்துகொள்ளக்கூடியவர்கள் இன்னும் மைசூரில் இருக்கிறார்கள். நாங்கள் வேலை பார்த்த ஆய்வு நிலையம் இப்போது இல்லை. ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன இடம். ஊருக்கு வெளியே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு முன்கட்டடம், பின்னால் ஜெனரேட்டர் கொட்டகை, அதை ஒட்டி ஒரு பழைய சாமான் அறை. தொண்ணூறுகளில் அங்கே நான் ஒரு பிரிவுக்குத் தலைவன். அவர் வயதில் எனக்குக் கொஞ்சம் இளையவர். என்னைப்போலவே டாக்டர் பட்டம் வாங்கியவர். படிப்பில் என்னைவிடக் கூர்மை என்றுகூடச் சொல்வேன். ஆனால் எந்த நாற்காலியிலும் அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் வேலையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. உயிருள்ள எல்லாவற்றிலும் ஆர்.என்.ஏ. என்று ஓர் இழை உண்டு, செல்லுக்குள் செய்தி கொண்டுபோகிற இழை. அதை நெய்கிற நொதி ஒன்று, வெட்டுகிற நொதி வேறொன்று. நெய்கிறது என் பக்கம், வெட்டுகிறது அவர் பக்கம். தண்ணீரில் கரைந்த உப்பிலிருந்து பிரிந்து வருகிற சின்னஞ்சிறு அயனிகள், மெக்னீஷியம், செம்பு, பாஸ்பேட் போன்றவை, இந்த நொதிகளை ஓட்டவும் செய்யும், நிறுத்தவும் செய்யும். எது எதை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு.

இதை அவர் விளக்குகிற விதம் எனக்குப் பிடிக்கும். வெட்டுகிற நொதியை ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்து வைத்திருந்தார். பாஸ்பேட் பட்டால் அது ஏன் மந்தமாகிறது என்று ஒருமுறை என் மாணவி கேட்டாள். தமிழ்நாட்டு எல்லையோரத்து அனூர் பக்கத்துப் பெண், தமிழ்க் குடும்பம்.

“நீ சிட்டி பஸ்ல ஏறறாயோன்னோ?” என்று ஆரம்பித்தார் இவர்.

“ஏறுவனுங்க மேடம்.”

“லேடீஸ் சீட்ல ஒரு தடியன் உக்காந்துண்டிருக்கான். நீ என்ன பண்ணுவே?”

“எந்திரிடான்னு சொல்லுவனுங்க.”

“நீ சொல்லுவே. ஆர்.என்.ஏ. என்னை மாதிரி, சொல்லாது. நின்னுண்டே போகும். நொதிதான் சீட்டு, பாஸ்பேட் அந்தத் தடியன். சீட்டு அவனோடது இல்லே. ஆனா சீட்டுக்கு ஏத்த உடம்பு அவனுக்கு இருக்கு, அவ்ளோதான்.”

சிரிக்கும்போது மட்டும் அவர் கைகள் முன்னால் வரும். வந்த வேகத்திலேயே திரும்பப் போய்விடும்.

வெட்டுகிற நொதிக்கு எங்கள் தொழிலில் கெட்ட பெயர் உண்டு. கொதிக்கவைத்தாலும் எளிதில் சாகாது. காய்ந்த கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மனிதர்கள் எல்லோருடைய விரல் நுனியிலும் கொஞ்சம் இருக்கிறது. அதில் ஒரு துளி என் குழாயில் விழுந்தாலும் போதும், நெய்த இழை முழுவதும் தூளாகிவிடும். அதனால் ஆர்.என்.ஏ. நெய்கிற கூடத்துக்குள் வெட்டுகிறவர்களைச் சேர்ப்பது வழக்கமில்லை. எங்களிடம் இருந்தது ஒரே பெரிய அறை. எனவே ஒரு விதி போட்டேன். அவருக்கு ஜன்னலோரத்து மேசை. அவருடைய புட்டி, குழாய், தராசு எல்லாவற்றிலும் சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கும். சிவப்பு ஒட்டியதை நாங்கள் தொடக்கூடாது, ஒட்டாததை அவர் தொடக்கூடாது. கை கழுவுகிற தொட்டியும் தனி.

அறிவியல்படி இதில் தப்பு ஒன்றுமில்லை. இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் விதி மேசையோடு நிற்கவில்லை. ஒரு நாள் மாணவர்கள் விளையாட்டாக அவருடைய காப்பி டம்ளரில் சிவப்புப் பட்டையை ஒட்டினார்கள். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பட்டையை யாரும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் அவருடைய ஸ்டூலிலும் ஒன்று இருந்தது.

அவர் வீடு அக்ரஹாரத்தில். மேல்கோட்டையிலிருந்து எந்தத் தலைமுறையிலோ வந்த குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் இவருமாக இருந்தார்கள். அந்த அம்மாள் மடி ஆசாரத்தில் கெட்டி. பஸ்ஸில் வந்த பெண் குளிக்காமல் சமையலறைப் பக்கம் போகக்கூடாது.

“ஆத்துல அம்மா மடி. தள்ளி நில்லும்பா,” என்று ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். “இங்க வந்தா நீங்க எல்லாரும் மடி. தள்ளி நில்லுன்னு நீங்கோ சொல்லலே, பட்டை சொல்றது. நான் மடியாறதுக்கு ஊர்ல ஒரு எடம் பாக்கணும் சார்.”

எல்லோரும் சிரித்தோம். சாத்தமுது என்று அவர் சொல்கிற ரசஞ்சாதத்தைத் தூக்குப்பாத்திரத்தின் மூடியில் போட்டுக்கொண்டு, எங்கள் மேசையிலிருந்து ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதே அது பழகிப்போயிருந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தள்ளி நிற்கிற குணம் முழுக்க எங்களால் வந்ததில்லை. எது கெட்டாலும் முதலில் தன்னைச் சந்தேகப்படுவது அவருக்குப் பிறவியிலேயே வந்த ஒன்று. “என் கையா இருக்குமோ?” என்பது அவர் அடிக்கடி சொல்கிற வாக்கியம். சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது. அதற்குக் கீழே தினமும் நடப்பவர்கள் எத்தனையோ பேர். இவர்தான், “நேத்து அதைத் தொடச்சேன், என் கையா இருக்குமோ?” என்று கேட்டார். பிரித்துப் பார்த்ததில் பேட்டரி தீர்ந்திருந்தது. நிலையத்து வாசலில் அவர் நட்ட மல்லிகை பட்டுப்போயிற்று. தோட்டக்காரர், “மாடு மேஞ்சிட்டது, அம்மா,” என்று கன்னடத்தில் நான்கு தடவை சொன்னார். “மாடு மேஞ்சாலும் துளிர்க்கணுமே. என் கைதான்,” என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகு அவர் செடி நடவே இல்லை. முதலில் எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. “மேடம், இன்னைக்கு மழை வரலே, உங்க கையா?” என்று பையன்கள் கேலி செய்வார்கள். “இருந்தாலும் இருக்கும்டா,” என்பார்.

இப்படிப்பட்ட ஒருவரின் பக்கத்து மேசையில் தவறு செய்வது எவ்வளவு வசதி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் என் இழைகள் உடைய ஆரம்பித்தன. நெய்து முடித்து, நீளத்தைப் பார்ப்பதற்காக ஜெல்லில் ஓடவிட்டால் ஒரு தெளிவான கோடு தெரிய வேண்டும். கோட்டுக்குப் பதிலாகக் கீழே வரை இழுத்துவிட்ட கறைதான் தெரிந்தது. இழை தூளாகியிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி நெய்தோம், மறுபடி கறை. புதுத் தண்ணீர், புதுக் கண்ணாடி, புதுக் கையுறை எல்லாம் மாற்றிப் பார்த்தோம். எனக்கு ஒரு பெரிய திட்டத்துக்கான பணம் அந்த முடிவுகளை நம்பி இருந்தது. என் மாணவியின் பட்டமும்.

நிலையத்தின் இயக்குநர் எங்களைக் கூட்டி வைத்துக் கேட்டார். நான் பேசுவதற்கு முன்னால் இவர் எழுந்துவிட்டார்.

“என் கையாத்தான் இருக்கணும் சார். அந்த ரூம்ல வெட்டறது நான் ஒருத்திதான். எவ்ளோ ஜாக்கிரதையா இருந்தாலும் ஸ்வல்பம் காத்துலயாவது போயிருக்கும்.”

இயக்குநர் என்னைப் பார்த்து, முறையில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டார்.

“இல்லை, வழக்கமான முறைதான்,” என்றேன்.

அது உண்மையில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் பொய் என்று எனக்கே தெரியவில்லை. நெய்து முடித்த இழை தன்மேலேயே சுருண்டுகொள்ளும். நீளம் பார்ப்பதற்கு முன் அதைச் சூடாக்கி நிமிர்த்த வேண்டும். முன்பெல்லாம் நெய்த கலவையிலிருந்து இழையைச் சாராயத்தில் படியவைத்துப் பிரித்து, சுத்தத் தண்ணீரில் கரைத்து, பிறகு சூடாக்குவோம். ஒரு நாள் பிடிக்கிற வேலை. ஒரு கருத்தரங்குக்கு அவசரமாகப் படங்கள் வேண்டியிருந்ததால், பிரிக்கிற வேலையை நான் தூக்கிவிட்டேன். நெய்த கலவையை அப்படியே கொதிநீரில் வைத்துச் சூடாக்கச் சொன்னேன். இதை ஒரு மாற்றம் என்றே நான் கணக்கில் வைக்கவில்லை. சமையலில் ஒரு பாத்திரத்தைக் குறைத்தது போலத்தான் எனக்கு இருந்தது.

அவர் நினைத்திருந்தால் அங்கேயே கேட்டிருக்கலாம். முறையைக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை. அயனிகளைப் பற்றி அந்த அறையில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர். கேட்டிருந்தால் உடனே பிடித்திருப்பார். கேட்கவில்லை. அவருடைய சந்தேகம் தன் கையோடு நின்றுவிடும். அதைத் தாண்டி அவருடைய படிப்புக்குக்கூட வழி கிடையாது.

ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டிய சாமான் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். சிவப்புப் பட்டை ஒட்டிய எல்லாவற்றையும் அவரே சுமந்துகொண்டு போனார். “நான் எடுத்துக்கறனுங்க மேடம்,” என்று என் மாணவி கை நீட்டினாள்.

“தொடாதேடீ. உனக்கு தீசிஸ் முடியணும். ஹோகலி விடு, எனக்கு நடை நல்லதுதான்,” என்றார்.

அந்தக் காலத்தில் கையுறைகளைத் தூக்கிப் போடுகிற வசதி எங்களுக்கு இல்லை. கழுவி, பவுடர் போட்டு, கயிற்றில் உலர்த்தி மறுபடி போட்டுக்கொள்வோம். முன்கட்டடத்து மாடியில் எங்கள் கயிறு. சாமான் அறையின் வாசலில் அவருடைய கயிறு. காற்று அடிக்கும்போது அவருடைய கையுறைகள் உப்பிக்கொண்டு ஆடும். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் யாரோ வரிசையாகக் கையசைப்பது போல இருக்கும். நான் ஜன்னலுக்குத் திரை போடச் சொன்னேன். வெயில் அடிக்கிறது என்று காரணம் சொன்னேன்.

அவர் போன பிறகும் இழை உடைந்துகொண்டுதான் இருந்தது. பழைய மிச்சம் இருக்கும் என்று சுவரையெல்லாம் கழுவவைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் மின்வெட்டு. ஜெனரேட்டரும் பழுது. என் மாணவி நெய்து முடித்த குழாயைச் சூடாக்க வழியில்லாமல் மேசையிலேயே வைத்துவிட்டாள். பகல் முழுக்க அது வெளியில் கிடந்தது. மறுநாள் காலையில் மின்சாரம் வந்ததும், வீணாகப் போவதற்குப் பதில் ஓட்டித்தான் பார்ப்போமே என்று சூடாக்காமலேயே ஜெல்லில் ஓடவிட்டாள்.

“சார், கோடுங்க! கோடு வந்திருக்குங்க!”

கொஞ்சம் வளைந்து நெளிந்த கோடுதான். ஆனால் கறை இல்லை. இழை முழுசாக இருந்தது. வெட்டுகிற நொதி அந்த அறையில் இருந்திருந்தால், ஒரு பகல் முழுக்கத் திறந்த மேசையில் கிடந்த இழை மிச்சமிருந்திருக்காது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நெய்கிற நொதிக்கு மெக்னீஷியம் வேண்டும். அது இல்லாமல் ஒரு கண்ணிகூட விழாது. அதனால் நெய்கிற கலவையில் நாங்களே அதைப் போடுகிறோம். ஆனால் அதே மெக்னீஷியம் சூட்டில் இழையை வெட்டும். அதற்கு எந்த நொதியும் வேண்டாம், யார் கையும் வேண்டாம். பிரிக்கிற வேலையை நான் தூக்கிய நாளிலிருந்து, இழையை மெக்னீஷியத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம். நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் இல்லாதபோது வந்து சரிபார்த்தேன். மெக்னீஷியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஒரு பொருள் உண்டு. சூடாக்குவதற்கு முன் அதைச் சேர்த்த குழாயில் இழை முழுசு, சேர்க்காத குழாயில் தூள். குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மாணவியிடம், இனிமேல் சூடாக்குவதற்கு முன் இதையும் ஒரு துளி விடு என்றேன். எதுக்குங்க சார் என்றாள். ஒரு முன்னெச்சரிக்கை என்றேன்.

அன்றைக்கே சாமான் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது அடி நடை. போகவில்லை. முதலில் திட்டக்குழு வந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு கட்டுரை வெளிவரட்டும் என்று. பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதற்கப்புறம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்கிற காரணம் ஒன்றே போதுமானதாக இருந்தது. “மேடம் போனப்புறம் ரிசல்ட் எல்லாம் நல்லா வருது,” என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். இயக்குநர் வராந்தாவில் என் தோளைத் தட்டி, அறை மாற்றியது சரியான முடிவு என்றார். ஆமாம் என்றேன்.

அவரும் அப்படித்தான் நம்பினார். அதுதான் விஷயம். தான் விலகிய கொஞ்ச நாளில் இழை உடைவது நின்றுவிட்டது என்பது அவருக்கு நிரூபணம் ஆகிவிட்டது. அதுவரை “என் கையா இருக்குமோ” என்று கேள்வியாக இருந்தது. அதற்குப் பிறகு அவர் அப்படிக் கேட்டதே இல்லை. கைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால் இன்னும் இறுக்கமாகப் போயின. சாப்பிட எங்களோடு வருவதை நிறுத்தினார். சாமான் அறையிலேயே சாப்பிட்டார். ஜெனரேட்டர் ஓடும்போது அங்கே பேசினால் காது கேட்காது. பேச ஆளும் இல்லை.

அவருடைய அம்மா இறந்தபோது அக்ரஹாரத்து வீட்டுக்குப் போயிருந்தேன். காரியங்கள் முடிந்திருந்தன. உறவுக்காரர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கிளம்பிப்போயிருந்தார்கள். கூடத்தில் அவர் மட்டும் இருந்தார். தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

“கடைசியில அம்மாவுக்கு நினைவே இல்லே சார். மடியெல்லாம் மறந்துபோயிடுத்து. கையைப் பிடிச்சுக்கோ, கையைப் பிடிச்சுக்கோன்னே சொல்லிண்டிருந்தா.”

“பிடிச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“கிளவுஸ் போட்டுண்டு பிடிச்சுண்டேன்,” என்றார். “டாக்டர் ஒண்ணும் தேவையில்லேன்னுதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேக்கலே.”

அந்தத் தண்ணீரை நான் குடித்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். துக்க வீட்டில் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவுள்ளவனுக்குக் காரணங்கள் கிடைப்பது சிரமமே இல்லை.

இன்னொரு நாள். என் மாணவி பட்டம் வாங்கி, கல்யாணமாகி, பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்க்க வந்தாள். குழந்தை ஒவ்வொருவர் கையாக மாறியது. இயக்குநர்கூட வாங்கிக்கொண்டார். இவர் மட்டும் வாசற்படியில் நின்றிருந்தார்.

“மேடம், நீங்களும் வாங்கிக்கங்க. ஏனுங்க அங்கயே நிக்கறீங்க?”

“நீயே வெச்சுக்கோ. இங்கேர்ந்தே நன்னாத் தெரியறது.”

“அட வாங்கிக்கங்க மேடம். கடிக்க மாட்டா, இன்னும் பல்லே வரலீங்க.”

“வேண்டாம்மா. பச்சைக் குழந்தை.”

எல்லோரும் சிரித்தார்கள். மேடத்துக்குக் குழந்தை என்றால் பயம் என்றான் ஒருவன். குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. எந்தக் குழந்தையும் யாரையும் பார்த்து நீட்டுவதுதான். அவர் இரண்டடி பின்னால் போனார். விஞ்ஞானம் படித்த ஒருவர், குழந்தையின் உடம்பை அந்த நொதி எதுவும் செய்யாது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், படியிலிருந்து இறங்கி வெயிலில் போய் நின்றார். அந்த அறையில் அதற்குக் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் குழந்தையை வாங்கிக் கொஞ்சினேன்.

அதற்கு அடுத்த வருடம் அவர் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். எனக்குச் செய்தி தெரிந்தபோது உத்தரவே வந்துவிட்டது. சாமான் அறைக்குப் போனேன். இடம் மாற்றிய பிறகு நான் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. மேசையெல்லாம் துடைத்து வைத்திருந்தார். பூஞ்சையிலிருந்து பிரித்து இத்தனை வருடம் காத்த நொதிப் புட்டிகளை ஒரு தட்டில் அடுக்கி, அமிலத்தில் ஊற்றி அழிப்பதற்குத் தயாராக வைத்திருந்தார்.

“எதுக்கு இது?” என்றேன்.

“நான் போனப்புறம் யாராவது தெரியாம எடுத்து அந்த ரூமுக்குக் கொண்டுபோயிட்டா? மறுபடி உங்களுக்குத் தொந்தரவு. முடிச்சுட்டே போயிடறேன்.”

“ஓய்வு எதுக்கு? இன்னும் வருஷம் இருக்கே.”

“போதும் சார். வெட்டற கை ஒண்ணு கம்மியானா நெய்யறவாளுக்கு நல்லதுதானே.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். உங்கள் கை இல்லை, உங்கள் நொதியும் இல்லை, நான் பிரிக்காமல் சூடாக்கினேன், மெக்னீஷியத்தோடு.

அவர் உடனே பிடித்துக்கொண்டார். முகம் மாறியது. துக்கமில்லை, கோபமில்லை. ஒரு புதிருக்கு விடை கிடைத்த மாணவியின் முகம்.

“மெக்னீஷியத்தோட வேகவெச்சேளா? ஐயோ சார்! ஆலை இல்லாமயே கரும்பைப் பிழிஞ்சிருக்கேளே! எனக்கு ஏன் தோணலே? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நான். அசடு, அசடு.” வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்போ நான் இல்லே.”

“நீங்க இல்லை.”

“காத்துலகூடப் போகலே.”

“இல்லை.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, சாதாரணமாக, நேரம் கேட்கிற மாதிரி கேட்டார்.

“எப்போ தெரிஞ்சது சார் உங்களுக்கு?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வந்திருக்கவில்லை. என் மாணவியின் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தபோது அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இதெல்லாம் எனக்கு அந்த நொடியில் தோன்றியது.

“போன வாரம்,” என்றேன்.

“போன வாரமா?” அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா எழுதியே குடுத்திருக்க மாட்டேன். இனிமே வாபஸ் வாங்க முடியாதுன்னுட்டா ஆபீஸ்ல. ஹோகலி. உங்களுக்கே போன வாரம்தானே தெரிஞ்சது, நீங்கோ என்ன பண்ணுவேள்?”

அவர் மூலையிலிருந்த ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காப்பி போட்டார். டம்ளரை என் கையிலேயே கொடுத்தார். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்றேன் சார், தப்பா நினைச்சுக்காதேங்கோ. உங்களை நான் கொஞ்சம் கர்வின்னு நினைச்சிருந்தேன். தெரிஞ்ச உடனே ஓடிவந்து சொல்லணும்னு உங்களுக்குத் தோணித்தே. வேற யாராவதா இருந்தா மறைச்சிருப்பா.”

காப்பி சூடாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.